207-ஆம் பெட்டியின் இரண்டாவது கட்டம்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையின் மிச்சம். அன்று பிற்பகல் 3:41-க்கும் 3:52-க்கும் இடையே என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் மேலதிகாரி. கொடுத்தேன். அறிக்கையில் ஆட்களின் பெயர் வரக்கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். பெயர்களை எடுத்ததும் அது யாருக்கும் வலிக்காத காகிதமாகிவிட்டது. வலித்ததையெல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

முதல் வரியே படுத்தி எடுத்தது.

தைவானின் ஹுவாலியனில் அன்று நல்ல வெயில், தெருவில் [வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடித்தாயிற்று.]

நெறிமுறை என்பது இரண்டு கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான [பாடப்புத்தகம். இதையும்.]

பெங் மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது, ஒரு கால் கிடையாது, வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். [இது பிடித்திருக்கிறது. ஆனால் அவரிடம் தொடங்கினால் அவரிடமே முடிக்க வேண்டிவரும். அதற்குத் துணிச்சல் இல்லை.]

ஆகவே யுன்ஜுவிடம் தொடங்குகிறேன்.

2

லாய் யுன்ஜுவுக்கு முப்பத்தொரு வயது. பதற்றம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பாள். அந்த மாதம் மூன்று மூடிகள் போயின.

தனியாக வாழும் முதியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டில் எங்கள் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அழுத்தினால் எங்கள் சர்வருக்குச் செய்தி வரும், ஆம்புலன்ஸ் போகும். பெட்டியும் சர்வரும் பேசிக்கொண்டிருந்த பழைய நெறிமுறைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. எல்லாப் பெட்டிகளின் மென்பொருளையும் புதியதற்கு மாற்றும் பொறுப்பு யுன்ஜுவின் தலையில்.

சோதனைத் தாளில் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு கட்டங்கள். ஒன்று துடிப்பு: 'இருக்கிறேன்' என்று பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சொல்வது. இன்னொன்று, வீட்டுக்காரரே பொத்தானை அழுத்திப் பார்ப்பது.

அழுத்தச் சொல்லிப் போன் செய்த நேரம், எங்கள் பழைய நாட்காட்டியில் பேய்களுக்குக் கதவு திறந்துவிடும் ஏழாம் மாதம்.

"மாமா, ஒரே ஒரு தடவை அழுத்துங்க. சும்மா சோதனைதான்" என்றாள் யுன்ஜு.

"ஏம்மா, ஏழாம் மாசத்துல வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்கடான்னு நானே மணி அடிக்கணுமா? வாசல்ல நிக்கிறவனுக்குக் காது நல்லா கேக்கும்" என்றார் பெங் மாமா.

"அப்ப எட்டாம் மாசம் அழுத்துவீங்களா?"

"இருந்தா பாப்போம். உன் மென்பொருளுக்கு என் கட்டைக்கால் தேவலை."

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அழுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மாவும் அழுத்தியிருக்க மாட்டாள்.

3

இங்கே ஷியே என்று ஒருவர் தேவைப்படுகிறார். யுன்ஜுவுக்குப் பக்கத்து மேசை, வயதில் மூத்தவர். தாளைச் சரிபார்ப்பது அவர் வேலை. துடிப்புதான் ஒழுங்காக வருகிறதே, பெரியவர்களை எதற்குப் படுத்த வேண்டும் என்று இரண்டாவது கட்டத்திலும் வரிசையாக 412 டிக் அடித்துவிட்டார்.

இந்த ஷியேயை எப்படி எழுதினாலும் நிற்கவில்லை. சோம்பேறி என்று எழுதினேன்; பொருந்தவில்லை. திமிர் பிடித்தவர் என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் இல்லை. இரக்கப்பட்டு டிக் அடித்தார் என்றால் பொருந்துகிறது. அது இன்னும் கேவலமாக இருக்கிறது.

மாற்றம் நடந்த நாளன்று, கருவி சமர்த்தாக இருக்கட்டும் என்று சர்வர் மேல் பச்சைப் பொட்டலம் ஒன்றை வைத்தாள் யுன்ஜு. தேங்காய்ச் சுவை நொறுக்குத்தீனி; அதன் பெயருக்கே 'சமர்த்து' என்றுதான் பொருள். ஊரில் எந்த சர்வர் அறையிலும் இருக்கும். காலாவதியானதை வைத்தால் கருவி முறுக்கிக்கொள்ளும். அதனால் பொட்டலத்தின் தேதியை மூன்று பேர் வாங்கி வாங்கிப் பார்த்தோம்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: அந்த அக்கறையில் கால்வாசி சோதனைத் தாளின் மேல் இருந்திருந்தால்)

4

நண்பகலில் பழைய வழியை மூடினார்கள். எல்லாம் பச்சை விளக்கு. கைதட்டினார்கள்.

3:52-க்கு யுன்ஜு, சர்வர் ஏற்காமல் தள்ளிய செய்திகளின் பட்டியலைச் சும்மா திறந்தாள். ஒரே ஒரு வரி.

பெட்டி 207. அவசரம். 3:41. தள்ளிய காரணம்: செய்தி 1,911 ஆண்டுகள் பழையது.

குடியரசு பிறந்ததிலிருந்து எண்ணும் எங்கள் ஊர்க் கணக்கில் இது 114-ஆம் ஆண்டு. பெட்டி அப்படித்தான் எழுதும். பழைய சர்வருக்கு அது பழக்கம். புதியது உலகக் கணக்கில் 2025 என்று எதிர்பார்த்தது. துடிப்பில் தேதி கிடையாது, அதனால் துடிப்பு மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருமுறை அழுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

207 பெங் மாமாவின் பெட்டி. அவருக்குப் போட்ட போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.  யுன்ஜு இன்னொரு போனில், அவர் இருக்கும் ருயிசுய் ஊரின் ஆம்புலன்ஸ் நிலையத்தைப் பிடித்தாள்.

"எங்க திரையில ஒண்ணும் வரலையேம்மா" என்றார் அங்கிருந்தவர்.

"திரையை விடுங்க சார், நான் சொல்றேன். கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடு. பூட்டியிருந்தா கதவை உடைங்க."

"கைதவறி அழுத்தியிருந்தா? இருக்கிறது ஒரே வண்டி."

"ஏழாம் மாசத்துல அவரு சும்மா அழுத்துவாரா சார்?"

 எதிர்முனையில் சைரன் சத்தம் கேட்டது.

அவள் திரும்பினாள். "பழைய வழியைத் திறங்க, எல்லாப் பெட்டியையும் திருப்புங்க! ஷியே அண்ணே, இரண்டாவது கட்டத்துல டிக் இருக்கே. யாரு அழுத்திப் பாத்தா?"

[ஷியே என்று யாரும் கிடையாது. அவள் கூப்பிட்டது "சூயாவ் அண்ணே" என்று. அது என் பெயர். பக்கத்து மேசை என்னுடையது.]

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

குளியலறை வாசலில் விழுந்து கிடந்த பெங் மாமா, உள்ளே வந்தவர்களைப் பார்த்து, "பதினோரு நிமிஷம் தாமதம், நடந்தா வந்தீங்க?" என்று

வேண்டாம். நானே எனக்கு ஆறுதல் சொல்லிக்கொள்வதுபோல இருக்கிறது.

பொத்தானை மிதித்தது அவருடைய பூனை. [அவர் பூனை வளர்க்கவில்லை.]

கதவை உடைத்தபோது வீட்டில் தொலைக்காட்சி மட்டும்

இதை முடிக்க என்னால் முடியவில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். பிழைத்தார் என்று எழுதினால் என்னை மன்னித்துவிடுவீர்கள். இல்லை என்று எழுதினால் அவருக்காக அழுவீர்கள், என்னை மறந்துவிடுவீர்கள். இரண்டுக்கும் நான் லாயக்கில்லை. சோதனைத் தாளின் அந்த ஒரு வரியை மட்டும் இங்கே திரும்ப எழுதுகிறேன்:

207 – பெங் – துடிப்பு: உண்டு – அழுத்திப் பார்த்தது: [      ]

கட்டம் உங்களுக்கு. தெரியாமல் டிக் அடிக்காதீர்கள். நான் அடித்தேன்.