பில் இல்லாத கிராபிக்ஸ் கார்டு

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கும் அந்த எடைமேடையில் காலை எட்டு மணிக்கெல்லாம் லாரிகள் வரிசை கட்டிவிடும். உப்போ, கரியோ, மரத்தடியோ, எதை ஏற்றி வந்தாலும் மேடையில் ஏறி நின்று, எடை பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டுதான் நகர முடியும். சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் பால்துரை. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே கையெழுத்து. பால்துரை அண்ணாச்சி சீட்டு என்றால் சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்காரர்கள் மறுபடி நிறுத்துப் பார்க்காமலே சரக்கை இறக்கிக்கொள்வார்கள். மனுஷனுக்கு அதில் உள்ளுக்குள் பெரிய கௌரவம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் ஒரு லாரிச் சீட்டுக்கு எதற்கு அவ்வளவு சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

அவருடைய ஒரே மகள் ஜெஸ்மி பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில், கேம் விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாக வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி, பிராசஸர், பவர் சப்ளை எல்லாம் வந்தாயிற்று. பாக்கி கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். அது இல்லாமல் கார் பந்தயம் ஆடினால் திரையில் கார் நின்று நின்று போயிற்று. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கேமு என்று பக்கத்து வீட்டில் ஒருவர் கேட்டபோது, ஏன், அவளுக்குக் கை இல்லையா என்று பால்துரை திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

கார்டு வாங்குவதற்கு ஜெஸ்மி இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்தாள். நோட்டில் ஏழு கார்டுகளை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். ஒன்றில் மெமரி குறைவு. இன்னொன்று மலிவுதான், ஆனால் யாரோ வருடக்கணக்கில் இராப்பகலாக ஓட்டித் தேய்த்த பழைய சரக்கு. வேறொன்று அவளுடைய பவர் சப்ளை தாங்காத அளவுக்குக் கரண்டு குடிக்கும். கடைசியில் மிஞ்சியது எட்டு ஜிபி மெமரியோடு ஒரு நடுத்தரமான கார்டு. விலை இருபத்திரண்டாயிரம். அவள் கையில் பதினெட்டாயிரம் இருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் வாங்கிவிடலாம் என்று அதைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தாள்.

இந்தக் கதையை எடைமேடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லாவிட்டால் பால்துரைக்குச் சோறு இறங்காது. எம் பிள்ளை கம்ப்யூட்டரை அக்கக்காகப் பிரித்து மாட்டுவாள் என்பார். அந்தக் கார்டின் பெயரைக்கூட மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். கேட்டவர்களில் ஒருவர் செந்தூர்பாண்டி. உப்பு லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். பெருமையாகப் பேசுகிறவனிடம் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்.

வியாழக்கிழமை மதியம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து எடைமேடை அறைக்குள் உட்கார்ந்தார்.

"லஞ்சம்னு நெனச்சிராதீங்க அண்ணாச்சி. பிள்ள ஆசப்படுதுன்னு சொன்னீயள்லா, மாமன் வாங்கிக் குடுத்ததா இருக்கட்டும். நாளைக்கு நம்ம வண்டி நாலு வருது. முன்சக்கரம் மேடைய விட்டு ஒரு சாண் வெளிய நிக்கும். நீங்க கண்டுக்கிடாதீங்க, அவ்வளவுதான்."

முன்சக்கரம் வெளியே நின்றால் அது தாங்குகிற எடை சீட்டில் ஏறாது. ஐந்து டன் அதிகமாக ஏற்றிய வண்டியும் யோக்கியமான வண்டி போலப் போய்விடும். பால்துரைக்கு இது தெரியாதா? இதே அறையில் கவரை நீட்டிய இரண்டு பேரை வெளியே போகச் சொன்னவர்தான். ஆனால் இது கவர் இல்லையே. பெட்டியின் மேல் கிராபிக்ஸ் கார்டின் படத்தைப் பார்த்ததும் அவருக்கு ஜெஸ்மியின் முகம்தான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் செந்தூர்பாண்டி பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் ஜெஸ்மி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலை அதிகம் என்று அவள் பட்டியலிலேயே சேர்க்காத கார்டு அது. அவள் வட்டம் போட்டதைவிட மூன்று மடங்கு விலை. அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஸ்கேலை எடுத்து அளந்தாள். கார்டு அவளுடைய பெட்டிக்குள் நுழையாது, இரண்டு விரற்கடை நீளம் அதிகம். கரண்டும் பற்றாது. பவர் சப்ளையை மாற்ற வேண்டும், பெட்டியை மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, பால்துரை மனசுக்குள் கணக்குப் போட்டார். அதையெல்லாம் வாங்கித்தர யார் வந்து நிற்பார் என்று அவருக்குத் தெரியும். அப்புறம் எத்தனை வண்டியின் முன்சக்கரம் வெளியே நிற்கும் என்பதும் தெரியும்.

"பில்லு எங்கப்பா? பில்லு இருந்தாத்தான் வாரண்டி. கடையில மாத்திக் கேக்கவும் அது வேணும்."

பெறவு வாங்கித் தாரேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் போனார். மனைவி ஜெயசெல்வி கொடுத்த காப்பியை வாயில் வைக்கும்போது, உள்ளே ஜெஸ்மி கூடப் படிக்கிற முத்துச்செல்வியிடம் போனில் பேசுவது கேட்டது.

"பில்லு அப்பாட்டத்தான் இருக்கும் முத்து. எங்கப்பா யாருன்னு நெனச்ச? சீட்டு இல்லாம ஒரு லாரிய நகர விடமாட்டாரு. பில்லு இல்லாம ஒரு பொருள வீட்டுக்குள்ள கொண்டு வருவாரா?"

காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். மகள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் பெருமையாகச் சொன்னாள், அதுவும் அடுத்தவளிடம் சொன்னாள். பதினெட்டு வருடம் சம்பாதித்ததையெல்லாம் மதியம் ஒரு அட்டைப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பெட்டி அவரோடு எடைமேடைக்குத் திரும்பி வந்தது. முதல் உப்பு லாரி மேடையில் ஏறியது. சொன்னபடி முன்சக்கரம் வெளியே. பால்துரை எழுந்து வெளியே போனார்.

"ஏலே, வண்டிய முழுசா ஏத்தி நிறுத்து."

டிரைவர் முழித்தான். ஏற்றினான். ஐந்தரை டன் அதிகம் காட்டியது. அதை அப்படியே சீட்டில் அடித்து, எப்போதும் போல் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். நாலு வண்டிக்கும் அதே கதை. கால் மணி நேரத்தில் செந்தூர்பாண்டி பைக்கில் வந்து இறங்கினார். ஒரு பிள்ளையின் ஆசையைக் கெடுக்கிறீர்களே என்று ஆரம்பித்து, எடைமேடை முதலாளியிடம் சொல்லி நாற்காலியைக் காலி பண்ணுவேன் என்பதில் வந்து நின்றார்.

"சொல்லும். சீட்டு ரெண்டு காப்பி அடிச்சிருக்கேன், ஒண்ண கையோட கொண்டு போய்க் காட்டும். உம்ம பெட்டி அந்தா இருக்கு, எடுத்துக்கிடும். எம் பிள்ளைக்கு வேணுங்கத வாங்க நான் இருக்கேன்."

வரிசையில் நின்ற டிரைவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செந்தூர்பாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அதிக உப்பை இறக்கின பிறகுதான் அந்த நாலு வண்டியும் நகர்ந்தன. மதியம் முதலாளி போன் பண்ணி எடை எவ்வளவு என்று கேட்டார், சொன்னதும் சரி என்று வைத்துவிட்டார்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் மறைக்காமல் சொன்னார். ஜெஸ்மி நோட்டை எடுத்து, வட்டம் போட்ட பக்கத்தைத் திருப்பினாள். குறைகிற நாலாயிரத்தை அப்பா போட்டார். இருவரும் ராஜதுரையின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கார்டு சின்னதுதான். அவள் பெட்டிக்குள் கச்சிதமாக உட்காரும், அவள் பவர் சப்ளை தாராளமாகத் தாங்கும்.

பில் யார் பேரில் என்று ராஜதுரை கேட்டார். பெரும்பங்கு உன் காசு, உன் பேரைப் போடச் சொல் என்றார் பால்துரை. ஜெஸ்மி கேட்கவில்லை.

"பால்துரைன்னு போடுங்க அண்ணாச்சி. எடைமேட பால்துரை."

பால்துரை பில்லை வாங்கி இரண்டு தரம் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைப்படியில் இறங்கும்போது மகளின் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"லஞ்சம் கவருல பணமா வந்தா யாருக்கும் தெரிஞ்சிரும்லா. நம்ம பிள்ள ஆசயா வரும்போதுதான் கண்ண மறைச்சிருது. எது வந்தாலும் நீ அன்னைக்குக் கேட்டத மட்டும் கேட்டாப் போதும், ஒருத்தனும் தப்பு பண்ண மாட்டான். பில்லு எங்கன்னு கேக்கணும்."