தூங்கிய பிறகுதான் ஆட்டம்

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சட்டம். போட்டவள் நான். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் முதலில் தூங்க வேண்டும், எழுந்த பிறகுதான் வீடியோ கேமைத் தொட வேண்டும்.

காரணம் மதுரைவீரன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி பாடியில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகட்டை மிஷினுக்குள் வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி வெட்டும். பக்கத்து மிஷினில் நின்ற மதுரைவீரன் ஒரு நாள் அரைத்தூக்கத்தில் கையை எடுக்காமலே பெடலை மிதித்துவிட்டார். இப்போது அதே கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் சட்டம் போட்டேன். இவர் மறுபேச்சுப் பேசவில்லை.

கேம் செட் தொண்ணூற்றாறாம் வருஷ தீபாவளி போனஸில் வந்தது. மிக்ஸி வாங்கி வா என்று அனுப்பினால் பர்மா பஜார் போய் இதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அம்மிக்கல்லில் சட்னி அரைத்துக்கொண்டே அடுத்த குழியை எப்படித் தாண்டுவது என்று யோசிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஒரு சிப்பாய். எட்டு ஸ்டேஜ். கடைசியில் ஒரு இரும்பு ராட்சசன் இருக்கிறான் என்று கேசட் அட்டைப் படத்தில் போட்டிருந்தது. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. கலரில் பார்த்தால் சிவப்பு குண்டு, பச்சை பழம் என்று தெரியுமாம். எங்களுக்கு இரண்டும் சாம்பல் உருண்டை. எது வெடிக்கும், எது லைஃபும் ஸ்கோரும் கொடுக்கும் என்று செத்துச் செத்துத்தான் மனப்பாடம் செய்தோம்.

இதைவிடப் பெரிய தொல்லை, ஆட்டத்தைச் சேமித்து வைக்க அந்த செட்டில் வழியே கிடையாது. ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதல் ஸ்டேஜ். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை. காலையில் போனால் சாயங்காலம். அவருக்குப் பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்ட். இதில் எட்டு ஸ்டேஜையும் யார் ஒரே மூச்சில் ஆடுவது? அதனால் பாஸ் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, செட்டை அப்படியே ஓட விட்டுப் போவோம். நான் விட்ட இடத்தில் அவர் எடுப்பார், அவர் விட்ட இடத்தில் நான். செட் சூடாகிவிடுமே என்று டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தோம். ஆளில்லாத வீட்டில் மிஷினுக்குக் காற்று வீசுகிறது என்று திருநின்றவூரே சிரித்தது.

நான் திரும்பி வரும் ரயிலும் அவர் வேலைக்குப் போகும் ரயிலும் பட்டாபிராம் பக்கம் எங்கேயோ எதிரெதிராகக் கடக்கும். முகம் பார்த்துப் பேச ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் டிவியைப் போட்டு சிப்பாய் எங்கே நிற்கிறான் என்று பார்த்தால் போதும், அன்றைக்கு அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரிந்துவிடும். பத்திரமான மேட்டில் நிறுத்தியிருந்தால் நன்றாகத் தூங்கி எழுந்து நிதானமாக ஆடியிருக்கிறார். அந்தரத்தில் குதித்தபடி தொங்கினால் ரயிலுக்கு நேரமாகி ஓடியிருக்கிறார். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவரை நான் அதிகம் தெரிந்துகொண்டது அந்த சிப்பாயை வைத்துத்தான்.

அந்த வியாழக்கிழமை நான் எட்டாவது ஸ்டேஜுக்குள் கால் வைத்தேன். அதுவரை நாங்கள் இரண்டு பேருமே பார்க்காத இடம். கையில் மூன்று லைஃப். ஸ்டேஜ் தொடங்குகிற தூணுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, 'எட்டு வந்துச்சு' என்று ஒரு சீட்டு எழுதி டிவி மேல் வைத்தேன். மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அவர் வந்திருக்க மாட்டார் என்பதால், முந்தின ஞாயிற்றுக்கிழமையே பேசி வைத்திருந்தோம்.

"கடைசி ஸ்டேஜ் வந்துச்சுன்னா தொடாத. ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் குந்திகினு ஆடலாம். ராட்சசன நான்தான் அடிப்பேன்" என்றேன்.

"அடிச்சுக்கமே. நான் இன்னா வாணாம்னா சொன்னேன்?" என்றார்.

எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று கேட்டால், கம்பெனியில் நாள் முழுக்க காலர் மட்டும் செக் பண்ணுகிறவள் நான். அந்தச் சட்டை முழுசாக எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. எதையாவது ஒன்றைக் கடைசி வரை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போட்டேன். ஆட ஒன்றும் இல்லை, சும்மா பார்க்கத்தான். எட்டாவது ஸ்டேஜ். நான் நிறுத்திய அதே தூணுக்குப் பக்கத்தில் சிப்பாய். மூன்று லைஃப். எல்லாம் அப்படியே இருந்தது, ஸ்கோரைத் தவிர. நான் விட்டுப் போனபோது ஆறு இலக்கம். இப்போது ஐந்துதான். ஏறின ஸ்கோர் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

டிவி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் செங்கல்வராயன், அதாவது எங்களுக்கு வாடகைக்கு விட்டவர், ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"இன்னாமா சாராளு, இப்ப ஃபேன் நல்லா சுத்துதா? காத்தால கரண்டு சுத்தமா டல்லு. உங்க ஃபேன் நொண்டிகினு கெடந்துச்சு. மோட்டாரு பூடப் போவுதேன்னு நான்தான் பேஸ் மாத்தி உட்டேன்."

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இது வழக்கம். வோல்டேஜ் குறைந்தால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கரண்ட் நன்றாக வரும் இன்னொரு லைனில், அதாவது பேஸில், செருகுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் கண் மூடித் திறக்கிற நேரம் போதும், எங்கள் செட் முதல் ஸ்டேஜுக்குப் போய்விடும். பாவம், மனுஷர் நல்லது நினைத்துத்தான் செய்தார். அவரிடம் என்ன சொல்வது?

"அவரு எப்போ வந்தாரு?" என்று கேட்டேன்.

"நான் மாத்தின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்துட்டாரு. டிவியப் போட்டாரு, பேயறஞ்ச மாதிரி நின்னாரு. அப்பால ஒரே டொய்ங்கு டொய்ங்குன்னு சத்தம். சாயந்தரம் வேலைக்குக் கெளம்புற வரிக்கும் நிக்கவே இல்ல. ஒரு வாய் சோறு துன்ன மாதிரியும் தெரியல."

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பாய் சுருட்டினபடி மூலையில் நின்றது.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வது? நான் ஏமாந்துவிடக் கூடாது என்று முதல் ஸ்டேஜிலிருந்து ஆடி, பழம் எதையும் பொறுக்காமல் ஓடியே வந்து, அதே தூண், அதே மூன்று லைஃப் என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். வைத்துவிட்டு, ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் பிரஸ் முன்னால் போய் நின்றிருக்கிறார். செட்டின் ஸ்விட்சை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கிப் போட்டேன். மாற்றுப் புடவைகூடக் கட்டாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

கொரட்டூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கும் வரை மாதாவே மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. இவர் கத்தோலிக்கர். நான் சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், மாதாவைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அவருடைய மாதாவாயிற்றே, அவரைக் காப்பாற்றட்டும் என்று கூப்பிட்டேன்.

கம்பெனி வாசலில் மதுரைவீரன் உட்கார்ந்திருந்தார். உள்ளே பிரஸ் இறங்கும் சத்தம் தொம், தொம் என்று கேட்டது. "அண்ணாத்தே, அவரு பகல் பூரா தூங்கல" என்றேன். அதற்கு மேல் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு மிஷினின் சத்தம் மட்டும் நின்றது. அது நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது.

"இன்னாமே, இங்க வந்துகீற?"

"கைய காட்டுய்யா."

காட்டினார். இரண்டு கையும் எண்ணெயும் கருப்புமாக முழுசாக இருந்தன. பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். பக்கத்தில் லாரிக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"நான் சொன்னது ஒரே ஒரு பேச்சு. அதக்கூட கேக்க முடியலயா உன்னால?"

"நீ ஆசையா வெச்சிகினு இருந்த. வந்து பாத்தா ஒண்ணுமில்லன்னா உனுக்கு எப்பிடி இருக்கும்?"

"அந்தக் கருமாந்திரத்த அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஆடியது ஒரு விரல் அமுக்கில் போய்விட்டது அல்லவா? திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பித் திட்ட நானும் தயாராகத்தான் இருந்தேன். திட்டவில்லை, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மதுரைவீரன் ஃபோர்மேனிடம் ஏதோ சொல்லி, இவருடைய சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "ஊட்டுக்குப் போ, நைனா" என்றார்.

கொரட்டூர் ஸ்டேஷனுக்கு வந்தோம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"நீ அணைச்சப்போ எத்தினி லைஃப் இருந்துச்சு?"

"மூணு."

"நீ உட்டுட்டுப் போனப்போ?"

"அப்பவும் மூணுதான்."

"அப்போ கரீட்டாதான் வெச்சிகீறேன்" என்று சொல்லி, அப்படியே என் மேல் சாய்ந்து தூங்கிப்போனார்.

திருநின்றவூர் வழியாகப் போகும் ரயில் வந்தது. நான் அவரை எழுப்பவில்லை. அடுத்ததும் வந்தது, போனது.