புகாரில்லாத் தெரு

வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொன்னதற்குக் காரணம் என் மாமனாரின் மூச்சு. இரவு பகல் என்று பார்க்காமல் அந்த மெஷின் ஓடுகிறது, சத்தம் மாடி வரைக்கும் கேட்கிறது, வந்து போகிறவர்கள் இது வீடா ஆஸ்பத்திரியா என்று கேட்கிறார்கள் என்றார். கடைசியில் உள்ளதையும் கக்கிவிட்டார்.

"நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுக்கு எவன்மா குடி வருவான்?"

மாமா கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆகறதுக்கு முன்னாடி சொல்லி அனுப்பறேன்னு சொல்லும்மா" என்றார் என்னிடம். ஒரு மாதம் கெடு வைத்துவிட்டு வீட்டுக்காரர் போனார்.

மாமாவுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். இடுப்பு உயரம், நான்கு சக்கரம், மூக்குக்குப் போகும் நீளக் குழாய். கரண்ட் இருந்தால் மூச்சு உண்டு. கரண்ட் போனால் இன்வர்ட்டர் நாற்பது நிமிடம் தாங்கும். அதற்கப்புறம் என்ன என்பதை டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சிலிண்டர் ஒன்று வாங்கி வைக்கலாமென்றால், வெடித்துவிடும் என்று வீட்டுக்காரர்கள் அலறுகிறார்கள். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் நான்கு நாள் சாலையில் இருப்பார். ஆகவே வீடு தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு ஊர் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நகரத்தின் புகார் எண்ணில் ஒன்பது வருடமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பூங்காவைச் சுற்றி அமைதியான இடம் என்று புரோக்கர் வாயெல்லாம் பல்லாகச் சொல்லும்போது, அங்கே மூன்று மாதம் சாக்கடை பொங்கியது எனக்கு ஞாபகம் வரும். எந்தத் தெருவில் குழாயில் புழு வந்தது, எந்த அடுக்குமாடியில் லிப்ட் நடுவில் நின்றது, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த வேலை எனக்கு மனிதர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஆரம்பித்து என்னைப் பெற்றவர்கள் வரை போவார்கள். என்னைத் தொந்தரவு செய்யாத ஒரே கூட்டம், கொடுத்த புகாரை ரத்து செய்ய அழைக்கிறவர்கள்தான். புகாரின் எண்ணைச் சொல்வார்கள், சரியாகிவிட்டது என்பார்கள், நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். அந்தப் புகார் பதிவிலிருந்தே மறைந்துவிடும். எண் தெரிந்தால் போதும், நீங்கள் யார் என்று நாங்கள் கேட்பதில்லை. அரை நிமிட வேலை. அப்படிப் பத்துப் பேர் கிடைத்த நாளில் நான் வீட்டில் நல்ல மனுஷியாக இருப்பேன்.

முதல் பத்து நாளில் பதினோரு வீடு பார்த்தேன். ஒரு வீட்டுக்காரம்மா என்னை உள்ளே விடாமலே, கதவிடுக்கில் நின்று எத்தனை பேர் என்று கேட்டாள். மூன்று என்றதும், அதில் நோயாளி உண்டா என்றாள். உண்டு என்றேன். கதவு மூடிக்கொண்டது. இன்னொருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மெஷின் ஓடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கேட்டுவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். புரோக்கர் எனக்குப் புத்தி சொன்னார்.

"மேடம், பெரியவர் இருக்கறத முதல்லயே ஏன் சொல்றீங்க? சாமானோட சாமானா உள்ள போனப்புறம் சொல்லிக்கலாம்."

"உங்க அப்பாவ அப்படித்தான் ஏத்தினீங்களா?" என்று கேட்டேன். அவரும் அதோடு சரி.

பதினொன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். அலுவலகக் கணினியில் மின்தடைப் புகார்களை மட்டும் பிரித்து, மூன்று வருடத்துக்கு, தெருத் தெருவாகப் பார்த்தேன். நாற்பது, அறுபது, நூற்றுப்பத்து என்று வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு தெருவில் பூஜ்யம். தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடியும் தட்டினேன். பூஜ்யம்தான். என் கணவருக்கு உடனே போன் செய்து, உங்கப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றேன். எந்தச் சுடுகாட்டில் என்று கேட்டார். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

அந்தத் தெருமுனையில் ஒரு பலகை நின்றது. 'புகாரில்லாத் தெரு. மூன்றாம் ஆண்டு விருது' என்று எழுதி, கீழே குடியிருப்போர் சங்கத்தின் பெயர். தரைத்தளத்தில் வீடு காலியாக இருந்தது. சங்கச் செயலாளர் சாவியோடு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாத சட்டை, நகம்கூடச் சீராக வெட்டியிருந்தார். பூட்டு திறக்கச் சற்று அடம்பிடித்தது. "சிரமத்துக்கு மன்னிக்கணும்மா" என்றார். இந்த ஊரில் என்னிடம் யாராவது மன்னிப்புக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால், அந்தக் குரலைக் கேட்டதும் ஏனோ தெரிந்தவர் மாதிரி இருந்தது.

"கரண்ட் எப்படி சார்?"

"மூணு வருஷமா ஒரு புகார் கிடையாதும்மா. பலகைய பாத்தீங்கல்ல?"

"எங்க மாமாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடணும். அதான் கேட்டேன்."

"தாராளமா ஓடட்டும். முன்னாடி இருந்தவங்களும் வயசானவங்கதான். நமக்கு ஒரே ஒரு கண்டிஷன். எதுன்னாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும். சட்டுனு வெளிய போன் போட்டுத் தெரு பேரக் கெடுக்கக்கூடாது."

நாள் முழுக்க அப்படிப் போன் போடுகிறவர்களைக் கேட்டு நொந்தவள் நான். இந்த மனிதரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று தோன்றியது. படுக்கையறையில், கட்டில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் கனமான பிளக் பாயிண்ட் ஒன்று தனியாக வைத்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே தரையில் நான்கு சின்ன வட்டங்கள் அழுத்தமாகப் பதிந்திருந்தன. முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அதற்குள் அவர் குளியலறையில் குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே குடி வந்தோம். மாமாவின் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தியதும், நான்கு சக்கரங்களும் அந்த நான்கு வட்டத்தில் போய் உட்கார்ந்தன. மாமா குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு முன்னாடியே எவனோ இங்க இழுத்துக்கிட்டுக் கிடந்திருக்கான்மா. ராசியான இடம்தான்."

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டே முக்கால். வேலை நேரத்தில் எங்கள் போன்களை லாக்கரில் பூட்டி வைத்துவிடுவார்கள். என் கணவர் முந்நூறு மைலுக்கு அப்பால் எங்கோ இருந்தார். அடுத்த அழைப்பு என் காதில் விழுந்தது.

"சிரமத்துக்கு மன்னிக்கணும்மா. ஒரு புகார ரத்து பண்ணணும்."

என் விரல் பழக்கத்தில் தானாகவே பொத்தானுக்குப் போய்விட்டது. அவர் எண்ணைச் சொன்னார். தட்டினேன். திரையில் எங்கள் தெரு வந்தது, எங்கள் வீட்டு எண் வந்தது, புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர் வந்தது. மின்தடை. பதிவான நேரம் இரண்டு இருபத்திரண்டு. மணியைப் பார்த்தேன். இருபத்துமூன்று நிமிடம் போயிருந்தது.

"யார் சார் கொடுத்த புகார் இது?"

"புதுசா வந்த பெரியவர்மா. பொழுது போகல போல. நாங்க உள்ளுக்குள்ளயே பேசித் தீத்துக்கிட்டோம்."

"கரண்ட் வந்துடுச்சா?"

"வரும்மா, எப்படியும் வந்துடும். நீங்க ரத்து பண்ணிடுங்க, எப்பவும் பண்ற மாதிரி."

எப்பவும் பண்ற மாதிரி. சங்கம் உள்ள தெருவில் யார் புகார் கொடுத்தாலும் அதன் எண் சங்கத்துக்கும் குறுஞ்செய்தியாகப் போகும். அது எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். வீடு பார்த்த அன்று நான் கேட்டது கரண்ட்டைப் பற்றி, அவர் பதில் சொன்னது புகாரைப் பற்றி என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அந்தப் பூஜ்யத்தை நான்தான் பொத்தான் பொத்தானாக அழுத்தி உண்டாக்கியிருக்கிறேன். பிறகு நானே அதை நம்பி மாமாவைக் கொண்டுபோய் அங்கே படுக்க வைத்திருக்கிறேன்.

ரத்து செய்யவில்லை. உயிர் காக்கும் கருவி, அவசரம் என்று மாற்றி, மின் பிரிவுக்கு நேரடியாகப் பேசினேன். பேசினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், என்னைத் திட்டியவர்களிடம் கற்ற அத்தனை வார்த்தைகளும் அன்று பயன்பட்டன. ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேற்பார்வையாளர் கூப்பிடக் கூப்பிட வெளியே ஓடி ஆட்டோ பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது, மேலே ஆள் நின்றிருந்தார். உள்ளே இன்வர்ட்டர் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. மாடி வீட்டு அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு காலண்டர் அட்டையால் மாமாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கிப் பிளக்கைக் காட்டினார். கத்தல் நின்று, மெஷினும் நின்றது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். தொண்ணூற்றாறு வரை எண்ணியபோது விளக்கு எரிந்தது.

செயலாளர் வாசலுக்கு வந்து நின்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. மூணு வருஷப் பேரு ஒரே நாள்ல போச்சு" என்றார். அவரைக் கிழித்துத் தொங்கவிட வாயெடுத்தேன். ரத்து செய்யச் சொன்னவர்தான் அவர். செய்தவள் நான். கதவை அவர் முகத்துக்கு நேராகச் சாத்தினேன்.

மாடி வீட்டு அக்கா கிளம்பும்போது அவளை நிறுத்தினேன்.

"அக்கா, இங்க முன்னாடி யாரு இருந்தாங்க?"

அவள் மாமாவைப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"ஒரு டீச்சரம்மா. தனியாத்தான் இருந்தாங்க. இதே மெஷின்தான்."

"என்னாச்சு?"

"போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போச்சு. ரெண்டு தடவ போன் பண்ணாங்களாம். யாரும் வரல. நான் அன்னிக்கு ஊர்ல இல்ல."

மத்தியானம் எப்போதும் என் முறைதான். எங்கள் பிரிவில் எட்டுப் பேர் இருக்கிறோம். அந்த அழைப்பு யாருக்கு விழுந்ததென்று பார்க்க வழியில்லை, ரத்தான புகார் பதிவில் இருக்காது. நினைவைக் குடைந்து பார்த்தேன். மரியாதையான ஒரு குரல், அரை நிமிடம், சந்தோஷமாக ஒரு பொத்தான். அப்படி ஆயிரம் இருக்கிறது. அதில் டீச்சரம்மா எது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா சமையலறைப் பேச்சைக் கேட்டிருந்தார். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. நான் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீ பண்ணினதா?"

"தெரியல மாமா."

வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"கட்டில அந்தச் சுவத்துப் பக்கம் நகத்தும்மா."

நகர்த்தினேன். மெஷினையும் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நிறுத்தினேன். பழைய இடத்தில் நான்கு வட்டங்களும் திறந்து கிடந்தன. துணியை நனைத்து வந்து, முழங்காலிட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.