நூற்று எழுபத்தேழாம் பக்கத்து மாமியார்

“மாமியார் இல்லாத கதையா ஒண்ணு குடுங்க சார்.”

ஆரணி நூலகத்தில் பரிமளா கேட்டது இவ்வளவுதான். கல்யாணத்தோடு விட்டுப்போன வாசிப்பு. இருபத்திரண்டு வருஷம் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றி, இரண்டாவது பெண்ணையும் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில்தான் கை மறுபடி புத்தகத்துக்கு வந்தது.

நூலகர் சக்கரவர்த்தி தலை நிமிரவில்லை. “மாமியார் இல்லாம நாவலா? அப்போ விஞ்ஞானத்துலதான் தேடணும்.”

“இருக்குதுங்களா?”

“மூலைல பாருங்க. கோழி வளர்ப்புக்கும் சோப்பு தயாரிப்புக்கும் நடுவுல.”

அங்கே எந்த நாவலுக்கும் முகம் கிடையாது. மேலட்டையைக் கிழித்துவிட்டு, தறியில் டிசைன் விழ ஓட்டை போட்ட பழைய ஜக்கார்டு அட்டைகளை ஒட்டி, மிச்சப் பட்டு நூலில் தைத்துக் கொடுப்பது பைண்டர் சடையனின் வழக்கம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் ராக்கெட் உள்ள கதை ஒன்றே ஒன்று அகப்பட்டது.

செவ்வாய்க் கிரகத்தில் இளமாறன் என்ற விஞ்ஞானி தனியாக மாட்டிக்கொண்டான். சுவாசிக்கக் காற்று மூன்று நாளைக்குத்தான். பரிமளா பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நூற்று எழுபத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி: ‘யாரோ கதவைத் தட்டினார்கள்.’

புரட்டினாள்.

‘மாமியார் கமலத்தின் காலில் மருமகள் விழுந்தாள். உங்க அருமை தெரியாம பேசிட்டேன் அத்தே!’

மறுநாள் நூலகம் திறக்குமுன் வாசலில் நின்றாள். “சார், செவ்வாய்ல மாமியார் வந்துட்டாங்க.”

“விஞ்ஞானம்னா அப்படித்தாம்மா. லேசுல புரியாது.”

“அந்த ஆளு பொழச்சானா இல்லியா?”

“ரிஜிஸ்தர்ல நூத்தித் தொண்ணூத்திரண்டு பக்கம். எண்ணிக்கோங்க, கரெக்டா இருக்கும். இதுவரிக்கும் பதினாலு பேரு படிச்சிருக்காங்க. ஒருத்தர்கூட இப்படி பேஜார் பண்ணல.”

பரிமளா நேராகச் சடையனிடம் போனாள். அவன் தையலைத் தடவிப் பார்த்தான்.

“நம்ம வேலதான்க்கா. ஒரே சைசுல ரெண்டு புக்கு. கடைசிப் பதினாறு பக்கம் இதுக்கு அது, அதுக்கு இதுன்னு மாறிகினு போயிருக்கும்.”

“இன்னொண்ணு எங்கடா?”

“அடுத்த நம்பர் போட்டுக் குடுத்தேன். சார்கிட்டயே கேளுங்க.”

ரிஜிஸ்தர்படி அடுத்த நம்பர் நாலு மாதமாகப் பக்கத்துத் தெரு லீலா வீட்டில் இருந்தது. பரிமளா கேட்டதும் லீலா அவளை வாசலிலேயே மடக்கினாள்.

“அத மட்டும் கேக்காதீங்கக்கா. எங்க அத்தைக்கு தெனம் அதத்தான் படிச்சுக் காட்டறேன். ‘இனி இந்த வீட்டில் உனக்கு இடமில்லை’ன்னு மாமியார்காரிகிட்ட மகன் சொல்றான். அடுத்த பக்கம் ராக்கெட்டு கெளம்பிடுது! அதக் கேட்டதுலேர்ந்து அத்த சண்டைக்கு வாயே தொறக்கல.”

“அது வேற கதடி.”

“தெரியாதா எனக்கு? இளமாறன் யாருன்னு கேட்டாங்க. ராக்கெட்டு டிரைவருன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க எதனா ஒளறினீங்க, புக்கு கெடையாது.”

உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் செல்லியம்மாள் குரல் கொடுத்தாள். “ஏம்மா பரிமளா, நீ நாலு எழுத்து படிச்சவ. மாமியார நெசமாலுமே ராக்கெட்டுல ஏத்தி அனுப்பிட்டாங்களா?”

லீலா புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பரிமளா அந்த முதுகையே பார்த்தாள். இளமாறனுக்குக் காற்று தீர்ந்துகொண்டிருந்தது.

“ஆமாங்கம்மா. அனுப்பிட்டாங்க.”

புத்தகம் கைக்கு வந்தது. நின்றபடியே பதினாறு பக்கத்தையும் படித்தாள். தட்டியது அவனைத் தேடி வந்த தோழன்தான். ‘வா, போகலாம்’ என்றது குரல். விண்கலம் சீறிக் கிளம்பியது. பரிமளாவுக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் மூடும்வரை பொறுத்திருந்த செல்லியம்மாள் கேட்டாள். “அங்க காத்து இருக்குதாமா?”

“இல்லீங்க.”

“தண்ணி?”

“சொட்டு கெடையாது.”

“மருமவ?”

பரிமளா லீலாவைப் பார்த்தாள். “அது... கெடையாதுங்க.”

செல்லியம்மாள் ராட்டையை நிறுத்தினாள். “நாலு மாசமா அதத்தான் யோசிச்சுகினு இருக்கேன். காத்து இல்லன்னா போவுது. அந்த டிரைவர் தம்பி நம்ம பக்கம் எப்போ வருவான்?”