பதினாலு புள்ளி ஏழு

இன்ஜினில் பெட்ரோல் முழுசாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலு புள்ளி ஏழு பங்கு காற்று வேண்டும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் அத்தான் சாதாரண மனிதர்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். எங்களோடு குறைக்கவில்லை என்பதுதான் துயரம்.

கார் அக்காவுடையது. அதை டாக்சியாக ஓட்டித்தான் வீட்டை நடத்துகிறாள். அன்று மாலை நாலு மணிக்குள் புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் பர்மிட் போய்விடும். மறுநாள் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற ஒப்புக்கொண்டிருந்தாள். அதுவும் வேறு வண்டிக்குப் போய்விடும்.

போன வருஷம் இதே வண்டி முக்காமல் முனகாமல் தேறியது. அதற்குப் பிறகுதான் அத்தான் ட்யூனிங் பழகினார். சைலன்சர் குழாயைக் கழற்றி, துளை போட்டு, புகையில் மிஞ்சும் காற்றை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்தி, திரும்பத் தானே மாட்டினார். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு லேப்டாப்பும் சேர்ந்தது.

மதியம் ரெண்டு மணிக்கு ஷெட்டே வண்டிப் புகையில் கறுத்துப்போயிருந்தது. பெட்ரோல் நெடியில் எனக்குக் கண் எரிந்தது.

"பதினேழு காட்டுது மாப்ளே," என்றார் அத்தான். "காத்து ஜாஸ்தி. இன்ஜின் பட்டினி கிடக்குது." இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டினார்.

"பட்டினி கிடக்கிறவன் இப்படியா ஏப்பம் விடுவான்?" என்றாள் அக்கா.

"நீ கண்ணால பாக்குற. நான் டேட்டாவைப் பாக்குறேன்."

அக்கா இன்ஜினை நிறுத்தி, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீட்டினாள். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "இது என்னங்க, டேட்டா இல்லையா?"

"அது பழைய கரி."

"பிளக்கே நேத்துப் போட்டதுங்க."

அத்தான் யோசித்தார். யோசித்தபின் மறுபடி பெட்ரோலைக் கூட்டினார்.

அக்கா பிளக்கைத் துடைத்து மாட்டினாள். என்னை இன்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு, கையுறையும் ஈரச்சாக்குமாக வண்டிக்கு அடியில் நுழைந்தாள். சென்சாருக்கு முன்னால் இருந்த குழாய் இணைப்பில் சாக்கை வைத்து அழுத்தினாள். லேப்டாப் திரையில் பதினேழு கிடுகிடுவென இறங்கிப் பத்தில் நின்றது. ஜாஸ்தியாக இருந்தது காற்றில்லை, பெட்ரோல்.

"கேஸ்கெட் எங்கங்க?" என்று கேட்டது அடியிலிருந்து ஒரு குரல்.

குழாய் இணைப்பில் இடுக்கை அடைக்கும் அந்தத் தகட்டை அத்தான் திரும்ப மாட்டும்போது போடவில்லை. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாளும் இந்த மனிதர் ஷெட்டுக் காற்றை அளந்து, அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்.

"பழைய பெட்ரோல் அளவை வச்சிருக்கீங்களா?" என்றாள் அக்கா.

"அழிச்சிட்டேன். ரொம்ப மட்டமா இருந்துச்சு."

நான் ஓடிப்போய் கேஸ்கெட் வாங்கிவந்தேன். அக்காவே மாட்டி முடுக்கிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

"குறைங்க."

"தியரிப்படி..."

"குறைங்க."

புகை கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்தது, பிறகு காணவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வண்டி தேறியது. சான்றிதழை மடித்துப் பையில் வைத்தாள் அக்கா. திரும்பி வரும்போது பின்சீட்டில் லேப்டாப் திறக்கும் சத்தம்.

"இனி மைலேஜைக் கொஞ்சம் பாக்கலாம்," என்றார் அத்தான்.

அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அத்தான் கேபிளைச் சுருட்டி அந்தக் கையில் வைத்தார்.

"சென்சாரையும் கழட்டிடவா?" என்றார் சின்னக் குரலில்.

"அது இருக்கட்டும்," என்றாள் அக்கா. "அது பாத்ததைத்தான் சொல்லிச்சு."