ஹேண்டில் மானம்

மனித குலத்தின் மகத்தான வரலாறு, நான்கு காலில் குனிந்து திரிந்த ஒருவன் இரண்டு காலில் நிமிர்ந்து நின்ற கணத்தில் தொடங்குகிறது. அந்த நிமிர்வுக்காக நம் மூதாதையர் லட்சக்கணக்கான ஆண்டுகள் பாடுபட்டார்கள். கேப்டன் தமது நாற்பத்தேழாவது வயதில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கி, அந்தப் பாடு முழுவதையும் ஒரே வாரத்தில் வீணாக்கினார்.

கேப்டன் என்றால் கப்பலோ படையோ உள்ளவர் என்று நினைத்துவிட வேண்டாம். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், இடிபட்ட வாகனங்களின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அவர் வேலை. ஸ்போர்ட்ஸ் பைக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு தொடங்கி, தாமே தலைவராகி, தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம் அது. மனைவியின் தம்பி வேறொரு பட்டம் வைத்திருந்தான். பைக்கின் டாங்க் மேல் அவர் கவிழ்ந்து கிடக்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உன் கேள்விக்குறி கிளம்பிடுச்சு" என்பான்.

வண்டியைப் பராமரிப்பதில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் டயரில் காற்று பார்ப்பார். செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் தெளித்து, அது ஊறும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்த தடவைகளில் பாதியாவது தம் சர்க்கரை அளவைப் பார்த்திருந்தால் டாக்டர் சந்தோஷப்பட்டிருப்பார்.

கண்டதையெல்லாம் குழுவில் போதிப்பார். இன்ஜினைக் கட் செய்யும் சிவப்பு ஸ்விட்ச் வலது கைப்பிடியில் இருக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் அழுதாலும், முதலில் அதைப் பார் என்று அவர்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். சொகுசு விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. இந்த வகை வண்டிகளில் ஹேண்டில் தாழ்வாகத்தான் இருக்கும். நகரத்துக்குள் ஓட்டினால் முதலில் மணிக்கட்டு வலிக்கும், பிறகு தோள், பிறகு இடுப்பு. ஒரு வங்கிக்காரர் வலி பொறுக்காமல் ஹேண்டிலுக்கு அடியில் அதை உயர்த்தும் உலோகத் துண்டுகளை வைத்துப் படம் போட்டார். கேப்டன் பதில் எழுதினார்: "சொகுசு வேண்டுமென்றால் சோபா வாங்குங்கள்." எழுதியதோடு நிற்காமல், வங்கிக்காரரைக் குழுவிலிருந்தும் நீக்கினார்.

அன்றும் படுக்கப் போகுமுன் மனைவி அவருடைய மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்தாள். அவள் மருத்துவமனையில் செவிலி. பகல் முழுவதும் நோயாளிகள், வீட்டுக்கு வந்தால் ஒரு வீரர்.

கடைசியில் கேப்டனாலும் முடியவில்லை. ஒரு நாள் மாலை, அடுக்குமாடியின் வண்டி நிறுத்தத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதே துண்டுகளைத் தம் வண்டியிலும் மாட்டினார். ஹேண்டில் உயர்ந்து, கொஞ்சம் பின்னாலும் வந்தது. நேராக ஒரு முறை போய், நேராகவே தள்ளிக்கொண்டு வந்தார். முதுகு நிமிர்ந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. குழுவுக்கு மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை மனைவிக்குப் பரீட்சை.

தலைமைச் செவிலி பதவிக்கான தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை நூலிழையில் போய்விட்டது. இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு பணிக்காலம் முழுக்க இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். வார்டில் நோயாளிகள் தூங்கும் நேரத்திலும், சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும் இடைவெளியிலும் படித்தவள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மருந்துகளின் பெயர்களை ஒட்டிவைத்ததால், பால் எடுக்கப் போன கேப்டனுக்குக்கூட நாலைந்து மனப்பாடம் ஆகியிருந்தது. ஒன்பது மணிக்கு வாசற்கதவை மூடிவிடுவார்கள்.

கீழே போனவள் மேலே வந்தாள்.

"ஏங்க, என் ஸ்கூட்டர் பின் சக்கரம் தரையோட ஒட்டிக்கிடக்கு."

"காத்து இறங்கியிருக்கும்."

"அது எனக்கும் தெரியுது. தினமும் காலையில மீட்டரைத் தூக்கிட்டுக் கீழ போறீங்களே, பக்கத்துல நிக்கிற வண்டிய ஒரு தடவை பார்க்கக் கூடாதா?"

"அது வேற மாதிரி டயர்மா."

"எல்லாத்துக்குள்ளயும் காத்துதானே?"

டயரைப் பற்றிக் குழுவுக்குப் பக்கம் பக்கமாகப் போதித்தவர் ஹெல்மெட்டைத் தேடத் தொடங்கினார்.

"சரி, நான் வாடகைக் கார் கூப்பிடறேன்" என்றாள்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"அதான் பயமா இருக்கு."

ஆனால் காருக்காகக் காத்திருக்கவும் நேரமில்லை. ஏறினாள். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் இருக்கை சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வைக்கப்படுவது, உட்காருவதற்காக அல்ல. முழங்கால்கள் அவர் விலாவுக்கு வர, கைப்பையை இருவருக்கும் நடுவில் செருகிக்கொண்டு, கூரை மேல் ஏறிய பூனை மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"முட்டியால டாங்கை இறுக்கிப் பிடிக்கணும்" என்று கேப்டன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து விளக்கினார். "கையில பாரத்தைப் போடவே கூடாது. அப்போ மணிக்கட்டு வலிக்காது."

"அப்போ நேத்து யாரு மணிக்கட்டுக்குத் தைலம் தேய்ச்சேன்?"

முதல் சிக்னல்வரை கம்பீரமாகப் போனார்கள். அதற்கப்புறம் நகரம் ஆரம்பித்தது. முதல் கியரிலேயே ஊர்ந்தார்கள். கிளட்சை அழுத்தி அழுத்தி இடது கை மரத்தது. மணிக்கு இருநூறு போவதற்கென்று செய்யப்பட்ட இன்ஜின், நடந்து போகிறவரின் பின்னால் நகர வேண்டியிருந்ததில் கோபம் கொண்டது. திரையில் வெப்பத்தின் எண் ஏறியது. விசிறி சுழன்று, சூட்டையெல்லாம் கேப்டனின் தொடைமேல் ஊதியது. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஸ்கூட்டர்கள் சுவரோரமாக நுழைந்து போய்க்கொண்டே இருந்தன. ஒரு பிள்ளை திரும்பி அவருக்கு டாட்டா காட்டியது.

"ஏங்க, மணி எட்டரை தாண்டிடுச்சு."

"போயிடலாம்."

"போயிடலாம்னா வண்டி நகரணும்."

நகர்ந்தது. நகர்ந்து போய்ப் பார்த்தால், குழாய் பதிக்கச் சாலையைக் குறுக்காக வெட்டியிருந்தார்கள். தகரத் தடுப்புக்கு அப்பால் பள்ளம். பள்ளத்தில் இறங்கியிருந்த ஒருவர், "திருப்பு, திருப்பு" என்று கையை ஆட்டினார். பின்னால் ஹாரன்கள். கேப்டன் ஹேண்டிலை வலப்பக்கம் முழுதாக ஒடித்துத் திருப்பினார்.

இன்ஜின் நின்றது.

ஸ்டார்ட்டரை அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். விளக்கு எரிகிறது, திரை எரிகிறது, ஹாரன்கூட அடிக்கிறது. இன்ஜின் மட்டும் செத்த பிணமாகக் கிடந்தது. இருவரும் இறங்கி வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவ்வளவு பெரிய வண்டியைத் தள்ளும்போதுதான் அதன் உண்மையான எடை தெரியும். விற்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

"என்னங்க ஆச்சு?"

"சூடாயிடுச்சு. ஆற விடணும்."

"எவ்வளவு நேரம்?"

"அது இன்ஜினோட மனசைப் பொறுத்தது."

அவள் போனில் வாடகைக் கார் தேடினாள். முதல் ஓட்டுநர் வருவதாகச் சொல்லி, இடத்தைப் பார்த்ததும் ரத்து செய்தார். இரண்டாமவர் பார்க்காமலே ரத்து செய்தார். மூன்றாம் முறை தேடுகையில் அவள் தவறான பொத்தானை அழுத்தினாள். ஊசி போடுகையில் தவறாத விரல்கள் அவை. கேப்டன் அதைப் பார்த்தார். அவசர அவசரமாகக் குழுவில் எழுதினார்: "நண்பரின் வண்டி. விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மிக அவசரம்."

பதில்கள் உடனே குவிந்தன. ஒருவர், ஸ்போர்ட்ஸ் பைக்கை நெரிசலுக்குள் கொண்டுபோன நண்பரைக் கண்டித்தார். ஒருவர் ஃபியூல் பம்ப் என்றார். ஒருவர், விஷயத்தைப் படிக்காமலே, காலை வணக்கம் சொல்லி ஒரு சூரியனை அனுப்பினார். கடைசியில் ஒருவர் எழுதினார்: "கேப்டன், நீங்களே சொல்லிக்கொடுத்ததுதான். சிவப்பு ஸ்விட்ச்?"

கேப்டனுக்குச் சுருக்கென்றது. "அதைப் பார்க்காமல் இருப்போமா?" என்று எழுதினார். பார்க்கவில்லை. தாம் கண்டுபிடித்த மருந்தைத் தமக்கே யாரோ எழுதித் தருவதா?

"அப்படியானால் வலது கைப்பிடியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நொடியில் சொல்லிவிடலாம்."

கேப்டன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அது உள்ளே கிடந்து மறுபடி மறுபடி அதிர்ந்தது.

"யாரு?" என்றாள் மனைவி.

"குழுவுல. போட்டோ கேக்கறாங்க."

"எடுத்து அனுப்புங்களேன்!"

"அனுப்ப முடியாது."

"ஏன்?"

அவர் வண்டியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

"ஹேண்டிலைத் தூக்கி வெச்சிருக்கேன்" என்றார் மெதுவாக.

"அதனால?"

"அவங்களுக்குத் தெரியாது. இதுக்காக ஒருத்தரைக் குழுவை விட்டே அனுப்பியிருக்கேன். என் வண்டிய எல்லாருக்கும் அடையாளம் தெரியும். போட்டோவுல அந்தத் துண்டு பளபளன்னு தெரியும்."

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"எனக்குப் பரீட்சை போகுது. உங்களுக்கு ஹேண்டில் மானம் போகுது. அப்படித்தானே?"

"அப்படி இல்லம்மா..."

"பின்ன எப்படிங்க? வேற எப்படின்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ராத்திரி ராத்திரி உங்க கையைப் பிடிச்சுக்கிட்டே மருந்து பேரெல்லாம் முணுமுணுத்தேனே, அது என்ன, உங்களுக்குத் தாலாட்டா?"

அவர் வாயைத் திறந்தார். ஹெல்மெட்டின் கண்ணாடி பட்டென்று தானாகக் கீழே விழுந்து மூடிக்கொண்டது. அவருக்கு அது வசதியாகவே இருந்தது.

அவள் திரும்பிச் சாலைக்குள் இறங்கிக் கையைக் காட்டினாள். முதலில் நின்றது ஒரு மீன்காரரின் மொபெட். முன்னால் ஐஸ் பெட்டி, பின்னால் காலிக் கூடை.

"அண்ணே, பரீட்சைக்குப் போகணும். ஒன்பது மணிக்குக் கதவை மூடிடுவாங்க."

"அடக் கடவுளே. ஏறு தங்கச்சி, கூடையை மடியில வெச்சுக்க. வாடை அடிக்கும், பரவாயில்லையா?"

"நான் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறேன்ண்ணே. எனக்கு எந்த வாடையும் பழக்கம்தான்."

மீன்காரர் பைக்கைத் தலை முதல் வால் வரை பார்த்தார். "சார் வண்டி ஜோரா இருக்கே! இது ஓடுமா, இல்ல நிக்க வெச்சுப் பார்க்கறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மொபெட்டைத் தகரத் தடுப்புக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்துக்குள் விட்டார். கூடையை அணைத்துக்கொண்டிருந்த அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வண்டிமேல் சாய்ந்து டாங்கில் தலையை வைத்துக்கொண்டார். உலோகம் சுட்டது. அப்படியே கிடந்தபடி கண்ணைத் திறந்தபோது, மூக்குக்கு நேரே சிவப்பு ஸ்விட்ச் இருந்தது. அது அணைந்திருந்தது. அதைப் போட்டுவிட்டு, ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். உயர்த்தி, பின்னால் தள்ளி வைத்ததில், முழுதாகத் திருப்பும்போது ஸ்விட்ச் டாங்கின் தோளில் போய் இடித்தது. இடித்து, தானே அணைந்தது. வேண்டுமென்றே மறுபடி போட்டு, இன்னொரு முறை திருப்பினார். இன்னொரு முறை அணைந்தது. வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தார்.

தட்டிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினார். வண்டி கர்ஜித்தது. அந்தக் கர்ஜனை அவருக்கு இவ்வளவு அசிங்கமாக ஒருநாளும் கேட்டதில்லை.

சந்தில் அந்த வண்டி நுழையாது. ஊரைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஹேண்டிலை முழுதாக ஒடிக்காமல் காலால் உந்தி உந்தித் திருப்பி, வேர்வையில் தொப்பலாக நனைந்து தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வாசற்கதவு மூடியிருந்தது. கதவுக்கு வெளியே யாருமில்லை. உள்ளே இருக்கிறாளா, இல்லை கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருக்கிறாளா? கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். காவலாளி, "பரீட்சை எழுதறவரா? நேரம் போயிடுச்சு, போங்க" என்று விரட்டினார்.

எதிர்ப் பக்க மரநிழலில் மீன்காரர் ஐஸைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"உள்ள போயிடுச்சு சார் தங்கச்சி. கதவை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. கூடையைக் குறுக்க விட்டுட்டேன், மூட முடியல. கூடை நசுங்கிடுச்சு, அது கெடக்கட்டும்."

கேப்டன் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏதாவது சொன்னாளா?"

"சாயங்காலம் இந்த வண்டியோட வந்து நின்னீங்கன்னா, மீன்கார அண்ணன் கூடவே மறுபடி கூடையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவேன்னு சொல்லச் சொல்லிச்சு."

சட்டைப் பைக்குள் குழு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. "நண்பரின் வண்டி என்ன ஆயிற்று?" கேப்டன் யோசித்தார். யோசித்துவிட்டு எழுதினார்: "அதிக வெப்பம். ஆறியதும் சரியாகிவிட்டது." முப்பத்திரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டினார். பரீட்சை முடியும் நேரத்துக்கு அதில் கிளம்பினார். காலையில் மாட்டிக்கொண்ட அதே சாலைகள், அதே நெரிசல், அதே பள்ளம். சுவரோரமாக நுழைந்து, சந்துக்குள் புகுந்து, முன்னதாகவே போய் நின்றார். அவள் வெளியே வந்து, ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினாள். மீன் வாடை அடித்தது.

போகும்போதும் வரும்போதும் கேப்டனுக்கு எங்கும் வலிக்கவில்லை.