பாலத்தடி சிக்னலின் சாம்பல் பெட்டி

அக்கா நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய இரண்டு முறையும் பாலத்தடி சிக்னலில் சிவப்பு விழுந்தது. பச்சை வரவே இல்லை. இரண்டு வேலையும் போனது. கடைக்குப் போகும்போது அதே சிக்னல் அவளை நிறுத்துவதில்லை.

“நான் பொறந்த நேரம் அப்படி,” என்றாள்.

அந்த சிக்னலைப் பராமரிப்பது நானும் கரண்ட் அண்ணனும்தான். கம்பத்தடியில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்து தூசி தட்டுவோம். உள்ளே ஒரு சாம்பல் நிறப் பெட்டி உண்டு. அதை மட்டும் தொட மாட்டோம்.

“அது நம்மளுது இல்லம்மா, டெலிபோன்காரங்களுது,” என்றார் அண்ணன்.

டெலிபோன்காரரைக் கேட்டேன். “போலீஸோடதுன்னுல்ல நெனச்சோம்?”

போலீஸ்காரர் சிரித்தார். “உங்களுதுன்னுதானே நாங்க காவல் காக்கறோம்.”

எல்லா சிக்னல்களிலும் அந்தப் பெட்டி இருந்தது. யாருடையதும் இல்லை. அதன் மேல் ஒரு சின்ன விளக்கு. அது எரிந்தால் சிவப்பு நீள்கிறது. ஒருநாள் ஆம்புலன்ஸைக் கண்டு எரிந்தது. நான் தப்பாகப் பார்த்திருக்கலாம். நான் படிக்கும் மாலை வகுப்பில் வாத்தியாரைக் கேட்க நினைத்தேன். சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

இன்று அக்காவுக்கு மூன்றாவது நேர்முகத் தேர்வு. எங்கள் சிக்னல் பட்டறைக்குச் சீக்கிரமே போனேன். வழக்கமாக முதலில் வந்து அலமாரிச் சாவியை எடுத்துக்கொள்ளும் அண்ணன் வந்திருக்கவில்லை. சாவி ஆணியில் தொங்கியது.

பாலத்தடியில் அலமாரியைத் திறந்து காத்திருந்தேன். அக்காவின் ஸ்கூட்டர் வளைவில் தெரிந்ததும் விளக்கு எரிந்தது. சாம்பல் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். பச்சை விழுந்தது. அக்கா என்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

“கெடச்சிடுச்சுடி. அடுத்த மாசமே வெளிநாடு,” என்றாள் சாயங்காலம். “ஏன் உம்முனு இருக்க? சிரிச்சா காசா கேப்பாங்க?”

சந்தோஷம் வரட்டும் என்று காத்திருந்தேன். சோறுதான் வந்தது. சாப்பிட்டேன்.

அப்போது கரண்ட் அண்ணன் போன் செய்தார். “காலைல லேட்டாயிடுச்சும்மா. ஒரு சிக்னல்ல வசமா மாட்டிக்கிட்டேன். பச்சையே விழல.”

காலையில் நான் போன பஸ் ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது. அக்காவை நான் தப்பிக்க வைத்தேனா, அவளை அனுப்பிவைக்க அந்தப் பெட்டிக்காரர்கள் என்னைப் பயன்படுத்திக்கொண்டார்களா, தெரியவில்லை.

“ஏர்போர்ட்டுக்கு வருவியாடி?” என்றாள் அக்கா.

“விட்டா வர்றேன்.”

“யாரு விடணும்?”

தட்டைக் கழுவி வைத்தேன்.